மேட்டுக்கொல்லை

தெய்வசிகாமணியின் மூன்றரை ஏக்கர் நிலத்துக்கு மேட்டுக்கொல்லை என்று பெயர். அவருடைய தாத்தா காலத்துப் பத்திரத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பிரம்மதேசத்துக்குக் கிழக்கே நாவல்பட்டு கிராமத்தைத் தாண்டி, கழுவேலியைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில் அதுதான் கடைசி நிலம். அதற்கப்புறம் ஒரு பனைவரிசையும் ஓர் ஓடையும். ஓடைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கழுவேலிச் சதுப்பு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் அந்த ஓடை திரும்பி ஓடியது. நான்கு நாள் விடாத மழை. கழுவேலியில் சேர்ந்த வெள்ளம் மரக்காணம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கடல் அந்த நான்கு நாளும் பொங்கி நின்றது, தண்ணீரை வாங்கவில்லை. வாங்காத தண்ணீர் கடல்நீரையும் கலந்துகொண்டு ஓடையில் ஏறி மேட்டுக்கொல்லைக்குள் முழங்கால் உயரம் நின்றது. வடிந்தபோது கதிர் பொதிவைத்த நெல் கருகிக் கிடந்தது. தையில் மண் காய்ந்ததும் வரப்போரம் வெள்ளையாகப் பூத்தது. தெய்வசிகாமணி அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு புயலில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை இடுப்பளவு. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் கோரை தவிர எதுவும் முளைக்கவில்லை. கிணறு கெட்டது. வீட்டு போர்வெல்லும் கெட்டது. அவர் மனைவி ஜெயாவுக்கு இரண்டு முறை கல்லடைப்பு வந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைவிட அவர் சொன்ன வார்த்தைதான் பெரிதாக இருந்தது. "அந்தத் தண்ணிய விட்டு வந்துடுங்கம்மா."

எப்படி வருவது? நிலத்தை விற்றால்தான் வர முடியும். உப்புப் பூத்த நிலத்தை யார் வாங்குவார்கள்?

அரசாங்கம் வாங்கியது.

மரக்காணத்துக்கு வடக்கே, உப்பளங்களுக்கும் கால்வாய்க்கும் நடுவில் அளமேடு என்று ஒரு குடியிருப்பு. முப்பத்தொரு குடும்பம். எல்லாரும் உப்பளக் கூலிகள். பத்து வருஷத்தில் கடல் அவர்களுடைய முற்றத்துக்கு வந்துவிட்டது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் ஏறும். சுவர்கள் அடியில் அரித்து உதிர்ந்தன. கடைசிப் புயலில் ஒன்பது வீடு விழுந்ததும், அவர்களை உள்ளே கொண்டுபோய்க் குடிவைக்க இடம் தேடி ஒரு பெண் அதிகாரி நாவல்பட்டுக்கு வந்தாள். முதலில் அவள் பார்த்த இடம் கோயில் தோப்பை ஒட்டிய புறம்போக்கு. நல்ல மேடான இடம்.

அன்று சாயங்காலம் ஊர்க்காரர்கள் கூடினார்கள். தங்கராசுதான் பேசினான். ஊரில் அவனுக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருந்தது.

"காலனி ஆளுங்கள கோயில் பக்கத்துல கொண்டாந்து வச்சிட்டா, நாளைக்கு நம்ம தெரு வழியாத்தான போவாங்க? பாவப்பட்ட சனம்தான், வாணாங்கல. ஆனா கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். ஏம்பா தெய்வசிகாமணி, ஒன் மேட்டுக்கொல்ல சும்மாதான கெடக்குது?"

யாரும் தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நிலத்தில் இரண்டு தடவை தண்ணீர் நின்றது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுவாரம் அதிகாரி மேட்டுக்கொல்லைக்கு வந்தாள். கையில் வரைபடம். கூடவே சர்வேயர்.

"ரெக்கார்டுல முப்பது வருஷமா இங்க வெள்ளம்னு ஒண்ணுமே இல்ல," என்றாள். "பேரும் மேட்டுக்கொல்லை. தண்ணி நிக்குமாங்க?"

"தண்ணியா?" என்று தங்கராசு முந்திக்கொண்டான். "காக்கா குடிக்கக்கூட இங்க தண்ணி கெடையாது மேடம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தபடி தெய்வசிகாமணி பக்கம் ஒரு தாளை நீட்டினாள். நிலத்தில் நீர் தேங்குவதில்லை என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

இதோடு நின்றிருந்தால் அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். ஊரே சொன்னது, ஆபீஸ் எழுதியது, தான் நடுவில் ஒரு கையெழுத்து. ஆனால் பத்து நாள் கழித்து அளமேட்டுச் சனங்கள் இடம் பார்க்க வந்தார்கள். அவர்களோடு அம்சவள்ளியும் வந்தாள்.

அம்சவள்ளியை அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மூன்று மாதமும் அவள் ஐந்தாறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நாவல்பட்டுக்கு நடவுக்கு வருவாள். மேட்டுக்கொல்லையில் அவள் கை படாத பாத்தி இல்லை. வெள்ளமெல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் ஜெயா ஓர் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடவு முடிந்ததும் இவர் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போவாள். கேட்காமலே. முதல் வெள்ளத்துக்குப் பிறகு அவர் நடவை விட்டு விதைப்புக்கு மாறியதால் அவளும் இந்தப் பக்கம் வரவில்லை.

மற்றவர்கள் அளந்து நட்ட கற்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தனியாக அவரிடம் வந்தாள்.

"அண்ணா, நாங்க நடவுக்கு வந்தப்ப இங்க தண்ணி நிக்காது. அது எனக்கே தெரியும். அதுக்கப்புறம் எப்பிடி?"

"என்ன எப்பிடி?"

"மழைக்கு ஏறுதா? எங்க வூட்டுக்காரருக்கு இப்ப ஒரு பக்கம் வராது. திடீர்னு தண்ணி வந்தா தூக்கிக்கினு ஓட முடியாது. அதுக்குத்தான் கேக்கறேன். ஆபீஸ்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க."

அவள் புருஷன் அய்யனாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்திருந்தது. அது தெய்வசிகாமணிக்குத் தெரியும்.

"ஏறாதும்மா," என்றார். பிறகு, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்ததால், "பேரே மேட்டுக்கொல்லதான," என்றும் சொன்னார்.

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அண்ணனே சொல்லிட்டாரு. தண்ணி வராதாம்."

நிலம் போனதும் அவர்கள் வானூருக்குக் குடிபோனார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் சின்ன வீடு. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. ஜெயா முதல் நாள் ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பும் குடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது அவருக்குத் தான் செய்தது சரி என்றே பட்டது.

மேட்டுக்கொல்லையில் முப்பத்தொரு வீடு எழும்பியது. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, மேலே தட்டையான கான்கிரீட் தளம். மாடிப்படி கிடையாது. ஆடி முடிந்து குடிவந்தார்கள். அம்சவள்ளி போன் செய்து, பால் காய்ச்சுவதற்கு இருவரும் வர வேண்டும் என்றாள். தெய்வசிகாமணி காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. மரக்காணம் பக்கம்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குத் தெய்வசிகாமணி அம்சவள்ளியைக் கூப்பிட்டார். நம்பரைப் போடுவதற்கு முன் இரண்டு முறை போனை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"அம்சா, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கோம்ணா. இன்னா திடீர்னு?"

"மழ ஜாஸ்தியாமே."

"பேயுதுணா. அளமேட்டுல இருந்திருந்தா இந்நேரம் மூட்டையக் கட்டிக்கினு ஸ்கூலுக்கு ஓடியிருப்போம். இப்ப கதவச் சாத்திக்கினு நிம்மதியா உக்காந்திருக்கோம். கொஞ்சம் முன்னாடி வேன் வந்துது, ஷெல்டருக்கு வர்றவங்க வாங்கன்னு. நாங்கதான் மேட்டுல இருக்கோமே, வரலன்னு அனுப்பிட்டோம்."

தெய்வசிகாமணி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"போயிருக்கலாமே. ஒரு நாளுதான."

"இவர வச்சிக்கினு எங்கணா போறது? அங்க கக்கூஸ்கூட ஒழுங்கா இருக்காது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏண்ணா, எதுனா சொன்னாங்களா?"

எதிரே ஜெயா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். பின்னால் கேட்டபோது, அப்படி ஒன்றும் செய்யவில்லை என்று ஜெயா சொன்னாள்.

"இல்ல. சும்மாத்தான் கேட்டேன்," என்று சொல்லி போனை வைத்தார்.

விடிந்ததும் அவருடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று ஜெயா கேட்கவில்லை. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. தள்ளிக்கொண்டும் சுற்றிக்கொண்டும் நாவல்பட்டு போய்ச் சேர ஒன்பது மணி ஆனது. வண்டிப்பாதையின் பாதியிலேயே தண்ணீர் தொடங்கிவிட்டது. பனைமரங்கள் அடி முழுகி நின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் முப்பத்தொரு வீட்டின் தளமும், தளத்தின் மேல் மனிதர்களும் தெரிந்தார்கள். மழை நின்றிருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக இருந்ததுதான் அவரை உலுக்கியது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அறுபத்தொரு வயது. தண்ணீர் முதலில் இடுப்புக்கும் பிறகு மார்புக்கும் வந்தது. உதட்டில் பட்டபோது உப்புக் கரித்தது. தன் நிலம் என்பதால் எங்கே பள்ளம், எங்கே வரப்பு என்று கால் சொல்லிக்கொடுத்தது. வழியில் ஆரோக்கியராஜ் கழுத்தளவு தண்ணீரில் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அம்சவள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் அவன்.

"அம்சா அக்கா உள்ள இருக்குது," என்றான். "அய்யனார் மாமாவ மேல ஏத்த முடியல. இந்தப் புள்ளய வுட்டுட்டு வந்துடறேன், நீங்க போங்க."

கதவு தண்ணீரின் கனத்தில் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே சமையல் மேடைமேல் அய்யனாரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்கு மேலும் தண்ணீர் ஏறி, அவன் நெஞ்சுவரை நின்றது. அம்சவள்ளி மேடை ஓரத்தில் நின்று, அவன் தலை விழாமல் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் பிரியதர்ஷினி, பன்னிரண்டாவது படிக்கிற பெண், அந்தப் பக்கம் அவன் விளங்காத கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. நான்கு மணி நேரமாக அப்படியே நின்றிருந்தார்கள்.

ஆரோக்கியராஜ் திரும்பி வந்ததும் இருவருமாகக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். தெய்வசிகாமணி அய்யனாரை முதுகில் வாங்கிக்கொண்டார். அவன் உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. பற்கள் அவர் காதோரம் தடதடத்தன. ஆரோக்கியராஜ் பின்னால் தாங்கிக்கொள்ள, நின்று நின்று, வண்டிப்பாதை மேட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அய்யனாரை இறக்கி வைத்ததும் அவரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்சவள்ளி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கணா. இந்த நிலத்த வித்துட்டுப் போன மனுஷன், எங்களுக்குன்னு நீந்தி வர்றீங்க. இத எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன்."

அவள் கை நீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். களைப்பில் இழுக்கிறார் என்று அவள் நினைத்திருப்பாள். பக்கத்தில் நின்ற யாரோ அதைச் செல்போனில் படம் எடுத்தார்கள். மறுநாள் அந்தப் படம் வானூர்க் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. காய்கறிக்காரர் அவரிடம் கொத்தமல்லிக்குக் காசு வாங்க மறுத்தார்.

தண்ணீர் வடிய ஆறு நாள் ஆனது. அய்யனாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் கிடந்து இறந்துபோனான். சீட்டில் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். புயலில் இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. தண்ணீரில் மூழ்கியோ சுவர் விழுந்தோ செத்திருந்தால்தான் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்களாம். கருமாதிக்குத் தெய்வசிகாமணி போனார். ஓரமாக ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். அய்யனாரைச் சுமந்துவந்த மனுஷர் என்று உறவுக்காரர்களுக்குக் காட்டினார்கள். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார்.

மாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அம்சவள்ளி வானூர் வீட்டுக்கு வந்தாள். ஆரோக்கியராஜும் கூட வந்தான். ஜெயா உட்காரச் சொன்னாள். ஆரோக்கியராஜ் உட்கார்ந்தான். அவள் நின்றபடியே கைப்பையிலிருந்து இரண்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வேற எடம் குடுக்கச் சொல்லி மனு எழுதறோம். அதுக்கு பேப்பர் தேடுனோம். தகவல் கேக்கற சட்டத்துல போட்டு ஆரோக்கியராஜ்தான் வாங்கனான். இதுல ரெண்டுலயும் உங்க கையெழுத்துன்னு இருக்குது."

ஒன்று நிலத்தில் நீர் தேங்குவதில்லை என்ற உறுதிமொழி. இன்னொன்று அதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தியது. பயிர் நஷ்டத்துக்கு அவர் வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம். 'மேற்படி மேட்டுக்கொல்லை நிலத்தில் கடல்நீர் கலந்த வெள்ளம் புகுந்து இடுப்பளவு உயரத்தில் ஐந்து நாட்கள் தேங்கி நின்று' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இப்படித் தேங்குவது இரண்டாவது முறை என்றும் எழுதியிருந்தார்.

"எது நெசம்?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாயால் கேட்க வந்திருந்தாள்.

"அம்சா, எங்க வூட்டுத் தண்ணியும் கெட்டுப்போச்சு. இவளுக்கு ரெண்டு தடவ..." என்று தொடங்கினார்.

"அக்காவுக்குக் கல்லடப்பு. எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி ஆபரேஷன் பண்ணப்ப நான்தான மாட்டப் பாத்துக்கினேன்." குரல் உயரவே இல்லை. "தங்கராசுகிட்டக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லியே. அந்த ஆபீசர் அம்மாகிட்டயும் கேக்கல. நீங்க கெட்டவரா இருந்திருந்தா உங்ககிட்டயும் கேட்டிருக்க மாட்டேன்."

ஜெயா உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு மூணு மணிக்கு போன் பண்ணீங்க," என்றாள் அம்சவள்ளி. "வேன் அப்பதான் பனமரத்தாண்ட திரும்பிக்கினு இருந்துது. கூப்புட்டிருந்தா நின்னிருப்பான்."

அவர் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அழுவறதுக்கு வரல," என்று தாள்களை மடித்தாள். "வர்ற திங்கக்கெழம ஆபீஸ்ல விசாரணை. தண்ணி நிக்கற எடம்னு நெலத்த வித்தவரே சொன்னா வேற எடம் தந்துதான் ஆவணும்னு வக்கீல் சொல்றாரு. வந்து சொல்லுங்க."

அவர்கள் போனபிறகு ஜெயா வெளியே வந்தாள். "பொய்ப் பத்திரம் எழுதிக் குடுத்தேன்னு நீயே போயி சொல்லப் போறியா? கேஸ் போடுவாங்க. இந்த வூடும் போவும்."

"போவட்டும்."

"போயி எங்க இருக்கறது? அந்த உப்புத் தண்ணிக்கா?" அவளுக்கு அழுகை வந்தது. "நான் உன்ன பொய் சொல்லச் சொல்லல. அன்னிக்கும் சொல்லல."

"நீ சொல்லலதான்," என்றார்.

திங்கட்கிழமை போனார். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளைச் சொன்னார். எட்டு வருஷமாகத் தண்ணீர் ஏறுகிறது. இரண்டு தடவை நின்றது. தெரிந்தேதான் பொய்யாக எழுதிக் கொடுத்தேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி, இவர்களுக்கு வேறு இடம் கொடுங்கள். சொல்லி முடித்தபோது நெஞ்சு பல மாதத்துக்குப் பிறகு இலேசாக இருந்தது.

விசாரித்தவர் புதிதாக மாறுதலாகி வந்த அதிகாரி. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"பெரியவரே, இந்தப் புயலுக்கு எல்லா ஊர்லயும்தான் தண்ணி நின்னுது, அத வச்சு எடத்த மாத்த முடியாது. பயிர் நிவாரணத்துக்கு எல்லாரும்தான் இடுப்பளவு நின்னுதுன்னு எழுதறாங்க. முட்டியளவு நின்னா இடுப்புன்னுவாங்க. அத ஆதாரமா எடுத்துக்க முடியாது. உறுதிமொழியில வேற மாதிரி இருக்கு. இப்ப வந்து ரெண்டாவது தடவ மாத்திச் சொல்றீங்க. நான் எந்தக் கையெழுத்த நம்பறது?"

"இப்ப சொல்றதுதான் சத்தியம் சார்."

"அன்னிக்கு வந்து அவர முதுகுல தூக்கிட்டு வந்தது நீங்கதான? படம் பாத்தேன். அந்தப் பாசத்துல இவங்களுக்காகப் பேசறீங்க. எனக்குப் புரியுது." அதிகாரி கோப்பை மூடினார். "நான் இத எழுதிக்கிட்டா உங்க மேல கிரிமினல் கேஸ் ஆகும். இந்த வயசுல எதுக்கு? எழுதிக்கல. வீட்டுக்குப் போங்க. வீட்டுக்கும் ரோட்டுக்கும் போட்ட செலவு போட்டாச்சு, வேற நிலமும் இல்ல. ரோட்ட ஒசத்திக் குடுக்கச் சொல்றேன்."

தெய்வசிகாமணி மறுபடியும் சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அதிகாரி அம்சவள்ளியிடம், "பெரியவர வெளியில கூட்டிட்டுப் போம்மா," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் முப்பதுபேர் காத்திருந்தார்கள். ஆரோக்கியராஜ் அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னான். யாரும் தெய்வசிகாமணியைத் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும் அவரைத் தாண்டி ஒருமுறை துப்பினார். அது அவருக்காகத் துப்பியதா, வெற்றிலைக்காகவா என்று தெரியவில்லை. மரக்காணம் பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள்.

சொன்ன வார்த்தை தவறாமல் சித்திரையில் ரோட்டை உயர்த்தினார்கள். லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, மூன்றடி மேடாக்கி, மேலே தார் போட்டார்கள். நடுவில் ரோடு உயர்ந்ததும் இரண்டு பக்கமும் வீடுகள் பள்ளத்துக்குப் போயின. வைகாசியில் பெய்த ஒரு சாதாரணக் கோடை மழைக்கே ரோட்டுத் தண்ணீர் வழிந்து வீடுகளுக்குள் இறங்கியது. அது வடிவதற்கு வழியும் இல்லை. அந்த மழையிலேயே உப்பளமும் கரைந்தது. சேர்த்து வைத்த உப்பு அம்பாரத்தோடு போய், இரண்டு மாதம் யாருக்கும் வேலை இல்லை. பிரியதர்ஷினி படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். இதையெல்லாம் ஆரோக்கியராஜ்தான் போனில் சொன்னான். அவன் மட்டும் எப்போதாவது பேசுவான்.

ஐப்பசி பிறந்ததும் அவன் இன்னொன்று சொன்னான். "எல்லாம் அளமேட்டுக்கே திரும்பறோம்ணா. பதினெட்டுக் குடும்பம் வந்தாச்சு. மிச்சமும் வந்துடும்."

மறுநாள் தெய்வசிகாமணி பஸ் ஏறிப்போனார். மரக்காணத்தில் இறங்கி, உப்பளங்களின் நடுவே கரைமேல் நடந்தார். பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. அளமேட்டில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. சில வீட்டுக்குச் சுவரே மூன்றுதான். தார்ப்பாயும் பழைய பேனரும் கட்டிச் சனங்கள் உள்ளே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஏறிய கால்வாய்த் தண்ணீர் வாசல்வரை ஈரம் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தது.

அம்சவள்ளி தன் பழைய வீட்டின் சுவர்மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். வேலையை நிறுத்தவில்லை.

"இங்க எப்பிடிம்மா இருப்பீங்க?" என்றார். "கடலு இன்னும் கிட்ட வந்துட்டுது."

"வரட்டும்."

"இந்த மழைக்கு இது தாங்காது."

"தாங்காது," என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா இங்க தண்ணி எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியும். அமாவாசைக்கு வரும், பௌர்ணமிக்கு வரும். காத்து தெக்கால திரும்பினா வரும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுன்னா ஒரு மணி நேரம் இருக்கும். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

காற்று தார்ப்பாயைத் தூக்கியது. ஒரு முனைக் கயிறு அவிழ்ந்து பறந்தது. தெய்வசிகாமணி எட்டி அதைப் பிடித்தார். சுவரோரம் நின்ற கழியில் கட்டுவதற்காக இழுத்தார்.

"விடுங்க," என்றாள். இறங்கி வந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். "நானே கட்டிக்கிறேன்."